கபாபிளாங்காவை ஜெயித்த சுல்தான் கான்



நம்ம பள்ளியில செஸ் போர்டை விரிச்சா போதும், ஆனந்த் பெரிய ஆளா, குகேஷ் பெரிய ஆளான்னு சண்டை ஆரம்பிச்சிடும். ஆனந்த் 1988-ல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனவர், ஐந்து முறை உலக சாம்பியன். குகேஷ் 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் 18 வயசிலேயே உலக சாம்பியன் ஆனவர். ரெண்டு பேருமே சென்னையில் வளர்ந்தவங்க. அந்தச் சண்டையில் நான் தலையிடப் போறதில்லை. இவங்களுக்கெல்லாம் முன்னாடி ஒருத்தர் இருந்தார். அவரை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்பதுதான் என் கேள்வி. அவர் பெயர் மீர் சுல்தான் கான்.

1900-களின் தொடக்கத்தில் பஞ்சாபில் சர்கோதா பக்கம் மிட்டா திவானா என்ற ஊரில் பிறந்தார். இன்று அந்த ஊர் பாகிஸ்தானில் இருக்கிறது. 9 வயதில் அப்பாவிடம் சதுரங்கம் கற்றார். ஆனால் அது நாம் ஆடுற செஸ் இல்லை, நாட்டுச் சதுரங்கம். அதில் சிப்பாய் முதல் தடவை ரெண்டு கட்டம் தாவ முடியாது. காஸ்லிங் கிடையாது. கடைசிக் கட்டம் வரை போன சிப்பாய் நினைச்ச மாதிரி ராணியாக முடியாது, அந்தக் கட்டத்துக்கு உரிய காயாகத்தான் மாறும். அதனால ஆட்டம் ரொம்ப மெதுவா, பொறுமையா நகரும்.

சர் உமர் ஹயாத் கான் என்ற பெரிய ஜமீன்தார் இவருடைய திறமையைப் பார்த்துத் தன் வீட்டோடு வைத்துக்கொண்டார். ஐரோப்பிய விதிகளைக் கற்க ஏற்பாடு செய்தார். 1928-ல் அகில இந்தியப் போட்டியில் 9 ஆட்டம், அதில் 8 வெற்றி, 1 டிரா! மறு வருடமே ஜமீன்தார் லண்டனுக்குக் கூட்டிப்போனார். அதே 1929-ல் சுல்தான் கான் பிரிட்டிஷ் சாம்பியன். பிறகு 1932, 1933-லும் அவரே.

இப்போ முக்கியமான விஷயத்துக்கு வர்றேன். 1930-31 ஹேஸ்டிங்ஸ் போட்டி. எதிரே கியூபா நாட்டு கபாபிளாங்கா. 1921 முதல் 1927 வரை உலக சாம்பியனாக இருந்தவர். 1916-லிருந்து 1924 வரை போட்டிகளில் ஒரு ஆட்டம்கூடத் தோற்காதவர்! அவரை சுல்தான் கான் 65 நகர்த்தலில் தோற்கடித்தார். அதிரடி எதுவும் கிடையாது. கொஞ்சம் கொஞ்சமாக நெருக்கி, மூச்சு விட இடமில்லாமல் செய்துவிட்டார். நாட்டுச் சதுரங்கத்தில் பழகின அந்தப் பொறுமைதான் இங்கே வேலை செஞ்சுதுன்னு எனக்குத் தோணுது. 1931-ல் டார்டகோவருடன் 12 ஆட்டத் தொடர் ஆடி 6½ – 5½ என்று ஜெயித்தார்.

நம்ம ஈ.சி.ஆர் ரோட்டுலயே வடக்கே மரக்காணம் உப்பளத்தைத் தாண்டிப் போனா மாமல்லபுரம். அங்கே 2022-ல் செஸ் ஒலிம்பியாட் நடந்தது எல்லாருக்கும் தெரியும். அதே ஒலிம்பியாடில் 1930, 1931, 1933 மூன்று முறையும் இங்கிலாந்து அணிக்கு முதல் போர்டில் உட்கார்ந்தவர் நம்ம சுல்தான் கான். 1931-ல் பிராக் நகரில் ஃப்ளோரையும் ரூபின்ஸ்டைனையும் தோற்கடித்தார். அப்போதைய உலக சாம்பியன் அலெகினோடு டிரா செய்தார்.

சரி, இவரையும் குகேஷையும் ஒப்பிட முடியுமா? ரேட்டிங்கை எடுத்துப் பார்ப்போம். உலக செஸ் சங்கமான ஃபிடே 1970-ல்தான் ரேட்டிங்கைக் கொண்டு வந்தது. அதைக் கண்டுபிடித்த ஆர்பாட் ஈலோ பழைய வீரர்களுக்கும் கணக்குப் போட்டார். சுல்தான் கானுக்கு அவர் போட்டது 2530. குகேஷ் 2024 அக்டோபரில் 2794. 264 புள்ளி வித்தியாசம், கதை முடிஞ்சுதுன்னு சொல்லுவீங்க. முடியலை! ரேட்டிங் என்பது அந்தந்தக் காலத்தில் கூட ஆடினவங்களை எவ்வளவு ஜெயிச்சோம் என்பதை மட்டும்தான் காட்டும். நம்ம குப்பத்தில் தாத்தாக்கள் கட்டுமரத்தில் துடுப்பு போட்டுக் கடலுக்குப் போனாங்க. இப்போ ஃபைபர் போட்டு, இன்ஜின், ஜி.பி.எஸ். எல்லாம் வந்தாச்சு. ரெண்டு பேர் பிடிச்ச மீனையும் ஒரே தராசில் வைத்து யார் கெட்டிக்காரர்னு சொல்ல முடியுமா? அன்றைக்குக் கூடப் போனவங்க எவ்வளவு கொண்டு வந்தாங்கன்னுதான் பார்க்கணும். குகேஷுக்குக் கம்ப்யூட்டர் உண்டு, பயிற்சியாளர் உண்டு. சுல்தான் கான் ஓப்பனிங் புத்தகம் படித்து வளர்ந்தவரே இல்லை. அப்படியிருந்தும் அன்றைய உலகின் முதல் பத்துப் பேரில் ஒருவராக இருந்தார், அதுவும் ஐந்து வருடத்துக்குள்!

அவர் வாழ்க்கை மட்டும் ஆட்டம் மாதிரி அமையலை. லண்டன் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை, அடிக்கடி காய்ச்சல், தொண்டை வலி. ஜமீன்தார் கொடுத்த விருந்துக்குப் போன அமெரிக்க வீரர் ரூபன் ஃபைன், தங்களுக்குச் சாப்பாடு பரிமாறியது சுல்தான் கான்தான் என்று பார்த்து சங்கடப்பட்டதாக எழுதியிருக்கிறார். மேஜையில் சரிசமமாக ஆடியவர், சாப்பாட்டு நேரத்தில் வேலைக்காரர்! இதைப் படிச்சப்போ எனக்குக் கோபம்தான் வந்தது. அதே வீட்டில் வேலை பார்த்த பாத்திமா என்ற பெண் 1933-ல் பிரிட்டிஷ் பெண்கள் சாம்பியன் ஆனார் என்பதையும் இங்கே சொல்லியாகணும்.

1933 டிசம்பரில் ஜமீன்தார் ஊர் திரும்பினார், கூடவே சுல்தான் கானும். 1935-ல் காடில்கர் என்பவரோடு 10 ஆட்டம் ஆடினார். ஒரே ஒரு டிரா, மற்றதெல்லாம் வெற்றி. அதன் பிறகு பெரிய போட்டி எதிலும் அவர் இல்லை. ஊரில் நிலத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தார்.

1950-ல் ஃபிடே முதல்முதலாக 27 பேருக்கு அதிகாரபூர்வமாக கிராண்ட்மாஸ்டர் பட்டம் கொடுத்தது. அதில் டார்டகோவர் இருக்கிறார், ஃப்ளோர் இருக்கிறார். 1930-களின் தொடக்கத்திலேயே ஆட்டத்தை நிறுத்திவிட்ட ரூபின்ஸ்டைனும் இருக்கிறார். மூன்று பேருமே சுல்தான் கானிடம் தோற்றவர்கள். அப்போது உயிரோடு இருந்த சுல்தான் கான் பெயர் மட்டும் இல்லை.

1966 ஏப்ரல் 25 அன்று காசநோயால் சர்கோதாவில் இறந்தார். 2024 பிப்ரவரியில் ஃபிடே அவருக்கு கௌரவ கிராண்ட்மாஸ்டர் பட்டம் அறிவித்தது. அதை வாங்கிக்கொண்டவர் பாகிஸ்தானின் அன்றைய தற்காலிகப் பிரதமர்.