நரம்பணுவைத் தனித்துக் கண்டவர்

மதுவைத் தொடாமலேயே தள்ளாடி நடப்பவர்கள் உண்டு. சிறுமூளை நலிவு நோய்கள் அவர்களின் நடையையும் பேச்சையும் குலைத்துவிடுகின்றன. அவர்களை ஏளனமாகப் பார்க்கும் கண்களைக் காணும்போதெல்லாம் சாந்தியாகோ ரமோன் இ கஹாலை நான் நினைத்துக்கொள்வேன்.

1852-இல் ஸ்பெயினில் பிறந்த கஹால் ஓவியராக விரும்பினார். உடற்கூறு கற்பித்த தந்தையோ மகனை மருத்துவராக்கினார். கியூபாவில் ராணுவ மருத்துவராகப் பணியாற்றி, மலேரியாவால் உடல் மெலிந்து நாடு திரும்பினார். ஆயினும் ஓவியம் அவரை விடவில்லை. நுண்ணோக்கியில் கண்டவற்றையெல்லாம் வரைந்தார்.

நரம்பு மண்டலம் அறுபடாத ஒரே வலை என்று அக்கால அறிஞர் பலர் நம்பினர். இத்தாலியரான கோல்ஜி 1873-இல் வெளியிட்ட வெள்ளிச் சாயமுறையைக் கொண்டு பறவைகளின் சிறுமூளையை ஆராய்ந்த கஹால், நரம்பணுக்கள் தனித்தனியானவை என்று 1888-இல் காட்டினார். 1906-இல் இருவரும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். கோல்ஜியோ தம் நோபல் உரையிலும் வலைக் கொள்கையையே வலியுறுத்தினார்.

நரம்பணு தனித்தது என்பதால்தான் அது தனியே மடியவும் நேர்கிறது. சிறுமூளை நலிவு நோய்கள் பலவற்றில், மரம்போல் கிளைவிரித்த புர்கின்ஜி செல்களே பெரிதும் அழிகின்றன. அவற்றின் கிளைகள் சுருங்குகின்றன. செய்தி கடத்தும் நீண்ட இழை இடையிடையே வீங்குகிறது. செல் மடிந்த பின்னும், அதைச் சூழ்ந்திருந்த கூடைச் செல்களின் இழைகள், ஆளற்ற வீட்டின் வேலிபோல் வெற்றிடத்தைச் சுற்றி நிற்கின்றன.

கஹால் 1934-இல் மறைந்தார். நோய் தீர்க்கும் மருந்தை அவர் தரவில்லை. எந்த நரம்பணுவைக் காக்க வேண்டும் என்று தேடும் வழியைத் தந்தார். தள்ளாடி வருபவரைக் கண்டு முகம் சுளிக்காமல் கைகொடுப்பதே அவருடைய உழைப்புக்கு நாம் செலுத்தும் மரியாதை என்பேன்.