வலையில் சிக்கிய விண்மீன்

கடலோடிகளான நம் முத்துக்குளித்துறை மக்களுக்கு வலையும் விண்மீனும் புதிதல்ல. ஆனால் வானத்திலேயே 'வலை' என்று ஒரு விண்மீன் கூட்டம் இருப்பது நம்மில் பலருக்குத் தெரியாது. 1751-52-இல் நன்னம்பிக்கை முனையிலிருந்து தென்வானத்தை அளந்த பிரெஞ்சு திருத்தொண்டர் லக்காய் அந்தப் பெயரை நிலைக்கச் செய்தார். அவர் நினைத்தது மீன்வலையை அல்ல, தொலைநோக்கிக்குள் அளவெடுக்க வைத்திருந்த கட்டங்களை! அந்த வலைக்குள் இருக்கும் ஒரு சிவந்த விண்மீனின் இரகசியத்தைக் கண்டவர் சென்னையில் வாழ்ந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரியார். அவரை இன்று நினைத்துப் பார்ப்போம்.

பஞ்சாங்கம் கணிக்கும் குடும்பத்தில் பிறந்தவர் அவர். இளம் வயதிலேயே நுங்கம்பாக்கம் வானாய்வகத்தில் உதவியாளராகச் சேர்ந்தார்; கடைசிவரை அங்கேயே உழைத்தார். விண்மீன் ஒவ்வொன்றும் உச்சிக்கோட்டைக் கடக்கும் நேரத்தையும் அதன் ஒளியையும் இரவுதோறும் குறித்து வைப்பதே வேலை. சலிப்பூட்டும் வேலைதான். 1867 ஜனவரியில், அப்படிக் குறித்த ஒரு விண்மீனின் ஒளி மாறிக்கொண்டே இருப்பதை அவர் கவனித்தார். 'ஆர் ரெட்டிகுலி' என்று அதற்குப் பெயர். சுமார் ஒன்பது மாதத்துக்கு ஒருமுறை அது பிரகாசித்து மங்குகிறது. 1872-இல் இலண்டன் அரச வானியல் கழகம் அவரை உறுப்பினராக ஏற்றது. ஆனால் ஆய்வகத்தில் அவர் ஏறிய உயர்ந்த படி முதல் உதவியாளர் பதவிதான். இயக்குநர் நாற்காலியில் ஆங்கிலேயரான போக்சன் இருந்தார்.

நம்மை அதிகம் தொடுவது வேறொன்று. விண்ணைக் கண்ணால் பார்த்தபின், பரம்பரையாக வந்த கணக்கை அவரால் அப்படியே வைத்திருக்க முடியவில்லை. கிரகங்கள் உண்மையில் நிற்கும் இடத்தைக் கொண்டு பஞ்சாங்கத்தைத் திருத்த வேண்டும் என்று வாதாடினார். தம் குலத்தொழிலின் பிழையைத் தம்மவரிடமே சொல்வது எளிதா? 1874-இல் வெள்ளிக்கோள் சூரியனைக் கடந்தபோது, அதைப் பாமரரும் அறியும்படி உரையாடல் வடிவில் சிறு நூல் எழுதி, பல மொழிகளில் வெளியிட்டார். 1880-இல் காலமானார்.

தாம் கண்ட விண்மீன் ஏன் அப்படி மாறுகிறது என்பது அவருக்குத் தெரிந்திருக்க வழியில்லை. அது முதிர்ந்து உப்பிய விண்மீன். மூச்சு விடுவதுபோல் விரிந்து சுருங்குகிறது. இவ்வகை விண்மீன்களின் வெளிப்புற வாயு விலகிக் குளிர்ந்து தூசியாகிறது. திருநீற்றுப் புதனன்று சாம்பல் பூசிக்கொள்ளும் நாம் தூசியை அற்பமாக நினைக்கிறோம். ஆனால் விண்மீன் ஒளியில் சூடேறும் அந்தத் தூசி, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிரை வீசுகிறது. அதை நிறமாலையாகப் பிரித்தால் சுமார் 10 மைக்ரான் அலைநீளத்தில் ஒரு மேடு தெரியும். அது சிலிக்கேட்டின் கைரேகை. நம் பாறைகளில் இருக்கும் அதே வகைப் பொருள்! 1960-களில் அறிஞர்கள் இதைக் கண்டார்கள். 1983-இல் ஏவப்பட்ட ஐராஸ் செயற்கைக்கோள் ஆயிரக்கணக்கான விண்மீன்களில் இத்தகைய தூசியைப் பதிவு செய்தது.

தை மாத முன்னிரவில் மணப்பாட்டுக் கரையில் நின்று தெற்கே பாருங்கள். அகத்திய நட்சத்திரத்துக்கு வலப்புறம், இன்னும் தாழ்வாக, கடல் விளிம்புக்குச் சற்று மேலே 'வலை' இருக்கிறது. ரகுநாதாச்சாரியாரின் விண்மீன் வெறுங்கண்ணுக்கு எட்டாது. அது உச்ச ஒளியில் இருக்கும் ஆண்டாக இருந்தால் ஒரு நல்ல பைனாகுலர் போதும்.