குடவோலை முதல் டேட்டாபேஸ் வரை: பராந்தக சோழன் காலத்து பாதுகாப்பு விதிகள்!

நம்ம பேங்க் கணக்கு, ரேஷன் கார்டு, பட்டா எல்லாமே இன்னைக்கு ஏதோ ஒரு டேட்டாபேஸில்தான் இருக்கு. வெளியே இருந்து ஹேக் செய்பவரைத் தடுப்பது ஒரு வேலை. அனுமதியோட உள்ளே உட்கார்ந்து பதிவைத் திருத்துபவரைத் தடுப்பது அதைவிடக் கஷ்டம். இந்தச் சிக்கலுக்கு 1,100 ஆண்டுகளுக்கு முன்பே விதி எழுதிய ஊர், வாலாஜாபாத்துக்குத் தெற்கே இருக்கும் உத்திரமேரூர். அப்போது சோழ அரசர், முதலாம் பராந்தகன்.

யார் இந்தப் பராந்தகன்?

முதலாம் ஆதித்த சோழனின் மகன். கி.பி. 907-ல் ஆட்சிக்கு வந்தார். மதுரையைக் கைப்பற்றி, மதுரை கொண்ட கோப்பரகேசரி என்று பெயர் பெற்றார். தோற்ற பாண்டிய மன்னன் ராஜசிம்மன் இலங்கைக்குப் போனார். தில்லைக் கோயிலுக்குப் பொன் வேய்ந்த பெருமையும் பராந்தகனுக்கு உண்டு. நமக்கெல்லாம் தெரிந்த ராஜராஜ சோழனுக்கு இவர் கொள்ளுத் தாத்தா.

உத்திரமேரூரில் என்ன நடந்தது?

ஏரி, தோட்டம், பொன் என ஊர்ப் பொதுச் சொத்தைப் பார்த்துக்கொள்ள வாரியங்கள் இருந்தன. உறுப்பினர்களை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று 919-ல், அரசு அதிகாரி முன்னிலையில் ஊர்ச்சபை விதி வகுத்தது. இரண்டே ஆண்டில், 921-ல், அதைத் திருத்தி இன்னும் விரிவாக எழுதினார்கள். 30 முதல் 60 என்றிருந்த வயது வரம்பு 35 முதல் 70 ஆனது. இன்றைய பாஷையில் சொன்னா, இது ஒரு அப்டேட்.

பாதுகாப்பு எப்படி?

* 30 குடும்புகளிலும் தகுதியானவர்கள் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போடுவார்கள். விவரம் தெரியாத சிறுவன்தான் ஓலையை எடுப்பான். அதை வாங்குபவர் ஐந்து விரலையும் விரித்து வாங்கணும். கையில் வேறு ஓலையை ஒளிக்க வழியில்லை.

* பதவி 360 நாள்தான். கடந்த மூன்று ஆண்டுகளில் வாரியத்தில் இருந்தவருக்கு மறுபடி இடமில்லை.

* பதவியில் இருந்து கணக்குக் காட்டாதவர் தகுதி இழப்பார். அவரது நெருங்கிய உறவினர்களுக்கும் அதே கதிதான்.

* கணக்கு எழுதியவரே அதை ஒப்படைக்கணும். இன்னொரு கணக்கர் வந்து முடித்துக் கொடுக்கக் கூடாது. நேர்மையானவர் என்று சபை ஏற்ற பிறகே மறுபடி வேலை.

டேட்டாபேஸுக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

1987-ல் டேவிட் கிளார்க், டேவிட் வில்சன் இருவரும் ஒரு பாதுகாப்பு மாதிரியை முன்வைத்தார்கள். ரகசியத்தைக் காப்பதை விட, பதிவு தவறாக மாறாமல் காப்பதே அதன் நோக்கம். ஒரே ஆள் முழு வேலையையும் முடிக்கக் கூடாது, ஒவ்வொரு மாற்றத்துக்கும் தடயம் இருக்கணும், பிறகு தணிக்கை நடக்கணும் என்பது அதன் சாரம். காலாவதியாகும் அனுமதி, யார் எழுதினார் என்ற பதிவு ஆகியவை இன்றைய டேட்டாபேஸ்களிலும் உண்டு.

குறை இல்லையா?

இருக்கு. இது பிராமணர் ஊரின் சபை. நிலமும் வேதக் கல்வியும் உள்ள ஆண்களுக்குத்தான் இடம். உள்ளே முறைகேட்டைத் தடுத்த அதே விதிகள், ஊரில் பெரும்பாலானவர்களை வெளியே நிறுத்தின.

கடைசியில் என்ன ஆனது?

949-ல் தக்கோலம் போரில் ராஷ்டிரகூடர்களிடம் சோழர்கள் தோற்றார்கள். பராந்தகனின் மூத்த மகன் ராஜாதித்தன் களத்திலேயே இறந்தார். தொண்டை மண்டலம் கைவிட்டுப் போனது. சுமார் 955-ல் பராந்தகனும் மறைந்தார். அந்த விதிகளை உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் இன்றும் பார்க்கலாம்.