நகராட்சி எழுத்தர் அண்ணாதுரை

அறிஞர் அண்ணாவின் வாழ்க்கை வரலாறுகள் ஒரே வரியில் கடந்துவிடும் செய்தி ஒன்று உண்டு. கல்லூரிக்குச் செல்லுமுன், குடும்ப வறுமை காரணமாக, காஞ்சிபுரம் நகராட்சி அலுவலகத்தில் அவர் சிறிது காலம் எழுத்தராக வேலை பார்த்தார். அவருடைய மேடைப்பேச்சையும் முதலமைச்சர் பதவியையும்விட, இந்த ஒரு வரியில்தான் என் கவனம் நிலைக்கிறது.

1909-இல் காஞ்சிபுரத்தில் நெசவாளர் குடும்பத்தில் பிறந்த அண்ணா, 'தொத்தா' என்று தாம் அழைத்த சிற்றன்னை இராசாமணி அம்மையாரின் அரவணைப்பில் வளர்ந்தார். அவ்வூரில் தொழிற்பயிற்சிக் கூடம் என்றால் அது தறிதான். கோர்வைப் பட்டில் உடலுக்கும் கரைக்கும் வேறு வேறு நாடா. நெசவாளி ஒருபுறம் அமர்ந்திருக்க, மறுபுறக் கரைக்கு நாடா வீச ஓர் உதவியாள் வேண்டும். பார்த்துப் பார்த்தே அவர் தொழிலைக் கற்றாக வேண்டும். கற்றவர் நெசவாளி ஆவார். நாடா வீசுவதோடு வயது கழிந்தவர்களும் உண்டு.

கடைநிலை எழுத்தருக்கு அந்த வாய்ப்பும் இல்லை. மேலே செல்ல விரும்பினால் வேலையை விட்டுவிட்டுப் படிக்க வேண்டும். அண்ணா அதைத்தான் செய்தார். சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். பின்னர் ஆனர்ஸ் வகுப்பில் சேரப் பணமின்றித் தயங்கியபோது, கல்லூரி முதல்வரின் ஊக்கமும் உதவியும் கைகொடுத்தன. 1794-இல் மறைந்த பச்சையப்ப முதலியார் விட்டுச்சென்ற அறச்சொத்தில் வளர்ந்த கல்லூரி அது. கோயில் அறங்களுக்கென எழுதப்பட்ட அச்செல்வத்தின் உபரி, வழக்குகளுக்குப் பிறகு கல்விக்குத் திருப்பப்பட்டது. அப்படித் திருப்பப்படாமல் போயிருந்தால் காஞ்சிபுரம் நகராட்சிக்கு நல்லதொரு எழுத்தர் கிடைத்திருப்பார்!

படிப்பை முடித்து ஆசிரியராகச் சிறிது காலம், தொழிற்சங்கப் பணி, பத்திரிகை, 1942-இல் காஞ்சிபுரத்திலிருந்து 'திராவிட நாடு' என்று அவர் வாழ்க்கை விரைந்தது. 1949-இல் அவர் தொடங்கிய கட்சி ஊர்தோறும் படிப்பகங்களைத் திறந்தது. வேலை முடிந்து வந்த தொழிலாளர்கள் அங்கே நாளேடு படித்தார்கள்; எழுத்தறியாதவர்கள் பிறர் படிக்கக் கேட்டார்கள். அரசியல் நோக்கம் இருந்ததை மறுப்பதற்கில்லை. ஆயினும், முதலாளியோ அரசோ கூலித் தொழிலாளிக்கு எட்டச் செய்யாத கல்வியை அந்தக் கீற்றுக்கொட்டகைகள் ஓரளவு எட்டச் செய்தன என்றே கருதுகிறேன்.

1953-இல் கைத்தறித் துணிகள் தேங்கி நெசவாளர்கள் பட்டினியில் வாடியபோது, அண்ணாவும் தோழர்களும் அவற்றைச் சுமந்து தெருத்தெருவாக விற்றார்கள். அன்றைய பசிக்கு அது உதவியது. ஆனால் தறி நின்றுபோனால் வேறு தொழிலுக்கு நகர நெசவாளியைத் தயார்படுத்தும் ஏற்பாடு எதுவும் அதில் இல்லை. 1967 மார்ச்சில் முதலமைச்சரான அவர், இரண்டு ஆண்டுகள்கூட நிறைவடையுமுன் 1969 பிப்ரவரி 3-இல் மறைந்தார்.

இன்று காஞ்சிபுரம் மாவட்ட இளைஞர்கள் பலர் தறியை விட்டு ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் ஆலைகளுக்குச் செல்கிறார்கள். பெரும்பாலோர் ஒப்பந்தப் பணியாளர்கள். ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்வதற்கான பயிற்சி சில நாள்களில் முடிந்துவிடுகிறது. 2014-இல் ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை மூடப்பட்டபோது, அங்கு வேலை பார்த்த இளம்பெண்கள் பலரிடம் வேறோர் ஆலையின் கதவைத் திறக்கவல்ல தொழிற்சான்று இல்லை. 1961-ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டம் புதிதாக வருபவர்களுக்கானது. ஏற்கெனவே வேலையில் இருப்பவர் மேலும் கற்க அது வழிசெய்வதில்லை.

அண்ணா எழுத்தராக இருந்த நகராட்சி 2021-இல் மாநகராட்சியாகிவிட்டது. அங்கும் தூய்மைப் பணியிலும் அலுவலக உதவியிலும் தற்காலிக ஊழியர்கள் இருக்கிறார்கள். வாரத்தில் ஒரு பிற்பகல், ஊதியம் பிடிக்காமல், ஊர்தி ஓட்டவோ கணினி இயக்கவோ மின்பணி பழகவோ அவர்களுக்கு அனுமதி தரலாம். முடிவில் எங்கும் செல்லும் சான்றிதழும் தரலாம். அதற்கு மாநகராட்சி மன்றத்தின் ஒரு தீர்மானம் போதும்.