நைட்டிங்கேல் போட்ட டாஷ்போர்டு

ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல்னு சொன்னா உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? ஸ்கூல் புக்ல கையில விளக்கோட நிக்கிற ஒரு அம்மா. மே 12, செவிலியர் தினம். பெரும்பாலும் அதோட சரி. ஆனா நீங்க பவர் பிஐ-ல ஒரு கேபிஐ போட்டு, பக்கத்துல டார்கெட் வெச்சு, மோசமா இருந்தா சிவப்பு கலர் கொடுக்கறீங்க இல்லையா? கிட்டத்தட்ட அதே வேலையை 1858-லயே காகிதத்துல செஞ்சவங்க அவங்க. ப்ளேஸ்மெண்ட்டுக்காக அவசர அவசரமா டாஷ்போர்டு ப்ராஜெக்ட் பண்றவங்க இந்தக் கதையைக் கண்டிப்பா படிங்க.

1820-ல இத்தாலியில ஃப்ளாரன்ஸ் நகரத்துல பிறந்தாங்க, அதனாலதான் அந்தப் பேரு. வசதியான ஆங்கிலக் குடும்பம். அப்பாவே வீட்டுல பாடம் சொல்லிக்கொடுத்தார். கணக்குன்னா உயிர். நர்ஸ் ஆகப் போறேன்னு சொன்னதும் வீட்டுல பெரிய எதிர்ப்பு, ஏன்னா அந்தக் காலத்துல அது மரியாதையான வேலையா கருதப்படல. பல வருஷம் போராடித்தான் போனாங்க.

1854-ல கிரிமியன் போர். நவம்பர்ல 38 பெண்களோட, இன்னைக்கு இஸ்தான்புல்ல இருக்கற ஸ்கூட்டாரி ராணுவ மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தாங்க. ராத்திரி விளக்கோட வார்டு சுத்தின கதையெல்லாம் அங்கதான். ஆனா அவங்க போன பிறகும் சாவு குறையல. அந்தக் குளிர்காலத்துல இன்னும் ஏறிச்சு. கட்டடத்துக்கு அடியில சாக்கடை அடைச்சுக் கிடந்தது. 1855 மார்ச்ல அரசாங்கம் அனுப்பின சுகாதாரக் குழு வந்து அதைச் சுத்தம் பண்ணி, காத்து வர வழி பண்ணின பிறகுதான் எண்ணிக்கை மளமளன்னு இறங்கிச்சு.

போர் முடிஞ்சு ஊருக்குத் திரும்பினவங்க, வில்லியம் ஃபார்ங்கிற புள்ளியியல் நிபுணரோட உட்கார்ந்து கணக்குப் போட்டாங்க. 1855 ஜனவரியில மட்டும், சராசரியா 32,393 பேர் இருந்த படையில தொற்று நோயால செத்தவங்க 2,761 பேர். காயத்தால செத்தவங்க 83 பேர். திரும்பப் படிங்க. எதிரி கொன்னது 83 பேரைத்தான்.

இந்த இடத்துல ஒண்ணு சொல்லணும். சோறும் மருந்தும் ஒழுங்கா வராததுதான் காரணம்னு அவங்க அதுவரைக்கும் நம்பினாங்க, தன் மருத்துவமனையோட சுகாதாரக் கேடே காரணம்னு இந்தக் கணக்குதான் காட்டிச்சுன்னு ஹியூ ஸ்மால்ங்கிற ஆய்வாளர் எழுதியிருக்கார். அப்படின்னா அந்த நம்பர் அவங்களுக்கே எதிரான நம்பர். நாடே தெய்வமா கும்பிட்ட நேரம் அது. சும்மா இருந்திருக்கலாம். அவங்க அதைப் படமா வரைஞ்சு அமைச்சர்களுக்கும் எம்பிக்களுக்கும் அனுப்பினாங்க.

1858-ல வந்த அந்தப் படம்தான் ரோஸ் டயக்ராம். வட்டத்தைச் சுத்தி 12 இதழ், மாசத்துக்கு ஒண்ணு. நீலம் தொற்று நோய், சிவப்பு காயம், கறுப்பு மத்ததெல்லாம். முதல்ல வரைஞ்ச வடிவத்துல மதிப்பை ஆரத்துல காட்டினாங்க. அதுல ஒரு சிக்கல்: மதிப்பு 2 மடங்கானா பரப்பு 4 மடங்கா தெரியும். பயமுறுத்த அது வசதிதான். ஆனாலும் பரப்பே மதிப்பைக் காட்டற மாதிரி மாத்தி வரைஞ்சாங்க.

எல்லாரும் இந்தப் பூவைத்தான் கொண்டாடறாங்க. எனக்கு என்னமோ அவங்களோட சாதாரண பார் சார்ட்தான் பெருசாத் தெரியுது. போர் இல்லாத காலத்துல, இங்கிலாந்துலயே இருக்கற சிப்பாய்களோட வருஷ இறப்பு விகிதத்தை, அதே வயசு சாதாரண ஆண்களோட பக்கத்துல பக்கத்துல வெச்சிருக்காங்க. 20-25 வயசுல ஆயிரத்துக்கு 8.4, சிப்பாய்ன்னா 17. 35-40 வயசுல 11.6, சிப்பாய்ன்னா 19.3. சிப்பாய்ங்கிறவன் மருத்துவப் பரிசோதனை பண்ணிப் பொறுக்கி எடுத்த ஆள். அவன் கம்மியாத்தானே சாகணும்? வெறும் 17-ன்னு கார்டு போட்டிருந்தா எந்த அமைச்சரும் அசைஞ்சிருக்க மாட்டார். பக்கத்துல 8.4 நின்னதாலதான் பாரக் கட்டடங்களைப் பத்திக் கேள்வி வந்துச்சு.

இதை நம்ம பக்கம் கொண்டு வந்து பாருங்க. ஜவ்வாது மலையில நெல்லிவாசல்நாட்டுக்கு ஒரு ஹெல்த் டாஷ்போர்டு பண்றீங்கன்னு வெச்சுக்குவோம். எதோட ஒப்பிடுவீங்க? பக்கத்துல இருக்கற புதூர்நாட்டோட ஒப்பிட்டா எல்லாம் பச்சையா வரலாம். கீழ திருப்பத்தூர் டவுனோட ஒப்பிட்டாத்தான் ரோடு, ஆஸ்பத்திரி தூரம் எல்லாம் கேள்வியா வரும். இன்னொண்ணு, 400 பேர் இருக்கற குக்கிராமத்துல ஒரு வருஷம் 2 சாவு, அடுத்த வருஷம் 4 சாவுன்னா விகிதம் 5-ல இருந்து 10 ஆயிடும். சிவப்பு அம்புக்குறி 100 சதவீதம்னு கத்தும். அது வெறும் தற்செயலாகூட இருக்கலாம். சின்ன ஊருக்குப் பல வருஷத்தைச் சேர்த்துத்தான் பார்க்கணும். நைட்டிங்கேலுக்கு ஆயிரக்கணக்குல ஆள் இருந்ததால இந்தத் தொல்லை அவ்வளவா இல்ல.

அடுத்து இந்தியா. அவங்க ஒரு தடவைகூட இங்க வரல. கிரிமியாவுல வந்த காய்ச்சலுக்கு அப்புறம் உடம்பு தேறவே இல்ல, பாதி வேலை லண்டன்ல படுக்கையில இருந்துதான். 1859-ல இந்தியாவுல இருந்த ராணுவத்தோட சுகாதாரத்தை ஆராய ஒரு ராயல் கமிஷன் போட்டாங்க. மதராஸ் மாகாணம் உட்பட ராணுவ முகாம்களுக்கெல்லாம் கேள்விப் படிவம் போச்சு. தண்ணி எங்கேருந்து வருது, சாக்கடை எப்படி, எத்தனை பேருக்கு ஒரு அறைன்னு கேள்விகள். 1863-ல வந்த அறிக்கை 2,000 பக்கத்துக்கு மேல. யார் படிப்பாங்க? அதனால படங்களோட ஒரு சுருக்கம் அவங்களே எழுதினாங்க. அதுல முக்கியமான நம்பர் ஒண்ணுதான்: இங்க பிரிட்டிஷ் சிப்பாய்கள் வருஷத்துக்கு ஆயிரத்துக்கு 69 பேர் சாகறாங்க. சுமார் பத்து வருஷத்துல அது 18-க்கு இறங்கிச்சு.

ஆனா அது சிப்பாய்க் கணக்கு. முகாம் சுவருக்கு வெளிய இருந்த நம்ம ஜனங்களுக்கு ஆயிரத்துக்கு எத்தனைன்னு சரியான பதிவே இல்ல. 1876-78 பஞ்சத்துல மதராஸ் மாகாணத்துல லட்சக்கணக்குல ஜனங்க செத்தாங்க. அப்போ அவங்க பார்வை ராணுவத்தை விட்டு கிராமத்துக்கு முழுசா திரும்பிடுச்சு. பாசனம், குத்தகை, கடன், கிராமச் சுகாதாரம்னு எழுதிக்கிட்டே இருந்தாங்க. சிப்பாய் விஷயத்துல ஜெயிச்ச மாதிரி இதுல ஜெயிக்கல. அந்த ஜனங்களுக்கு 8.4 மாதிரி பக்கத்துல நிறுத்த ஒரு நம்பர் அவங்க கையில இல்ல.

கடைசிக் காலத்துல கண் தெரியாம போச்சு. 1910 ஆகஸ்ட் 13-ல, 90 வயசுல இறந்தாங்க. வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில அடக்கம் பண்ணலாம்னு கேட்டதுக்குக் குடும்பத்தார் வேண்டாம்னுட்டாங்க. ஈஸ்ட் வெல்லோ கிராமத்துல இருக்கற கல்லுல எஃப். என். ங்கிற ரெண்டு எழுத்தும் ரெண்டு தேதியும்தான் இருக்கு.