விளையாட்டுச் செங்கல் தந்த தச்சர்

மாலை வேளையில் நமது காலனியில் எவ்வீட்டிற்குச் சென்றாலும் ஒரு காட்சியைக் காணலாம். சிறுவர் சிறுமியர் கூடத்தில் அமர்ந்து வண்ண வண்ணப் பிளாஸ்டிக் கட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்துகின்றனர். வீடு கட்டுகின்றனர், பாலம் அமைக்கின்றனர், ரயில் வண்டியும் செய்கின்றனர். பெற்றோராகிய நாமோ, படிக்க வேண்டிய நேரத்தில் இஃதென்ன வீண் விளையாட்டு என்று கடிந்துகொள்கிறோம். இருட்டில் அக்கட்டை காலில் குத்திவிட்டாலோ நம் சினத்திற்கு அளவே இல்லை. ஆனால் இக்கட்டையை உலகிற்குத் தந்தவர் ஓர் ஏழைத் தச்சர் என்பதும், அவர் பட்ட துன்பங்கள் எத்தகையவை என்பதும் நம்மில் பலர் அறியாதவை. அவ்வரலாற்றை இம்மலரில் சுருக்கமாகக் கூற விழைகிறோம்.

குழந்தைகள் கட்டைகளை அடுக்கி அறிவு பெறலாம் என்னும் எண்ணம் பழமையானது. 1837-இல் ஜெர்மனியில் குழந்தைகளுக்கான கல்விக்கூடத்தைத் தொடங்கிய பிரோபெல் என்னும் பெரியார், மரக் கட்டைகளையே பாடக் கருவிகளாகக் கொடுத்தார். ஆயினும் அடுக்கிய கட்டை சற்றுக் கை பட்டால் சரிந்துவிடும். ஒன்றோடொன்று பற்றி நிற்கும் கட்டையை உலகெங்கும் பரப்பிய பெருமை, டென்மார்க் நாட்டின் ஓலே கிர்க் கிறிஸ்டியன்சன் என்பாரது குடும்பத்தையே சாரும்.

ஓலே 1891-ஆம் ஆண்டு ஏப்ரல் 7-ஆம் நாள் ஜட்லாந்துப் பகுதியில் பில்ஸ்கோவ் என்னும் சிற்றூரில் பிறந்தார். மக்கள் மிகுந்த வறிய குடும்பம். இளமையிலேயே தச்சுத் தொழில் கற்றுக்கொண்டார். 1916-இல் பில்லுண்ட் என்னும் ஊரில் ஒரு தச்சுப் பட்டறையை விலைக்கு வாங்கினார். அதே ஆண்டில் கிறிஸ்டினை மணந்து இல்லறம் தொடங்கினார். சுற்றுப்புறக் குடியானவர்களுக்கு வீடு கட்டிக் கொடுப்பதும், கதவு, சன்னல், நாற்காலி, மேசை முதலியன செய்து கொடுப்பதுமே அவரது பிழைப்பு. இறைப்பற்றும் நேர்மையும் உடையவர். வேலையில் குறை வைக்க அறியாதவர்.

முதற் சோதனை 1924-இல் வந்தது. அவருடைய சிறு பிள்ளைகள் இருவர் பட்டறையில் விளையாட்டாக மூட்டிய தீ, மரச் சீவல்களைப் பற்றிக்கொண்டது. பட்டறையும் வீடும் சாம்பலாயின. ஓலே மனம் தளரவில்லை. முன்னிலும் பெரியதாகக் கட்டி எழுப்பினார். ஆனால் அக்கடன் தீருமுன் உலகெங்கும் பொருளாதார மந்தம் சூழ்ந்தது. விளைபொருளுக்கு விலையில்லாத குடியானவன் வீடு கட்டுவது எங்ஙனம்? பட்டறையில் வேலை அற்றுப்போயிற்று. 1932-இல் மனைவியும் மறைந்தார். நான்கு ஆண் குழந்தைகளை வைத்துக்கொண்டு, கையில் காசில்லாமல் நின்றார் அந்தத் தச்சர்.

பெரிய பொருள்களை வாங்குவாரில்லாத காலத்தில் சிறிய பொருள்களைச் செய்வோம் என்று அவர் துணிந்தார். சிறு ஏணி, துணி தேய்க்கும் பலகை ஆகியவற்றோடு மரப் பொம்மைகளையும் செய்யலானார். கடனுக்குப் பிணை கேட்டு உடன்பிறந்தாரிடம் சென்றபோது அவர்கள் பிணை கொடுத்தனர். ஆனால் பொம்மையைவிடப் பயனுள்ள தொழில் ஒன்றும் உனக்குக் கிட்டவில்லையா என்று கேட்கவும் செய்தனர். இக்கேள்வியை நாமும் நம் வீட்டுப் பிள்ளைகளை நோக்கிக் கேட்பதுண்டன்றோ? அந்நாளில் யோயோ என்னும் சுழல் பொம்மைக்குப் பெரும் மோகம் எழுந்து விரைவில் அடங்கிற்று. விற்காமல் தேங்கியவற்றை ஓலே வீசி எறியவில்லை; இரண்டாகப் பிளந்து பொம்மை வண்டிகளுக்குச் சக்கரமாக்கினார்.

1934-இல் தம் தொழிலுக்குப் பெயர் சூட்ட விரும்பி, பணியாளரிடையே ஒரு போட்டி வைத்தார். இறுதியில் அவர் சொன்ன பெயரே நிலைத்தது. நன்றாக விளையாடு என்று பொருள்படும் இரு டேனிஷ் சொற்களைச் சேர்த்து அமைத்த லெகோ என்பதே அப்பெயர்.

ரயில்வேப் பணியாளராகிய நமக்கு மிகவும் உவப்பான நிகழ்ச்சி ஒன்று உண்டு. ஓலேயின் மகன் கோட்பிரெட் பன்னிரண்டு வயது முதலே பட்டறையில் உழைத்தவன். ஒருமுறை மர வாத்துகளுக்கு மூன்று பூச்சு வார்னிஷ் பூச வேண்டிய இடத்தில் இரண்டே பூசிப் பெட்டியில் அடைத்து, ரயில் நிலையத்தில் சேர்த்துவிட்டு வந்தான். செலவு மிச்சமாயிற்று என்று தந்தையிடம் பெருமையோடு சொன்னான். தந்தையோ, உடனே நிலையத்திற்குச் சென்று பெட்டிகளைத் திரும்பக் கொண்டுவந்து, மூன்றாம் பூச்சும் பூசி, பிறர் உதவியின்றி மீண்டும் அனுப்பிவிட்டே உறங்க வேண்டும் என்று கட்டளையிட்டார். நிலையத்தில் ஒப்படைத்த சரக்கை மீட்பது எவ்வளவு தொல்லை என்பதைப் பார்சல் அலுவலகத்தில் பணிபுரியும் நாம் நன்கு அறிவோம். வாங்குவோர் கண்ணுக்குப் புலப்படாத குறைதான்; செய்தவன் மனம் அறியுமே என்பது ஓலேயின் கொள்கை.

1942-இல் தொழிற்சாலை மீண்டும் தீக்கிரையாயிற்று. பொம்மை மாதிரிகளும் வரைபடங்களும் அழிந்தன. தொழிலை விட்டுவிடலாமா என்று ஓலே சோர்ந்தது உண்மை. எனினும் தம்மை நம்பிய தொழிலாளர் குடும்பங்களை எண்ணி மறுபடியும் கட்டினார். போர் முடிந்தபின், ஏறத்தாழ 30,000 குரோனர் விலையில் பிளாஸ்டிக்கை உருக்கி அச்சில் வார்க்கும் இயந்திரம் ஒன்றை வாங்கினார். மரத்தொழிலில் ஊறிய ஒருவர் ஐம்பத்தைந்து வயதிற்கு மேல் புதுத்தொழில் கற்கத் துணிந்தது வியப்பன்றோ!

1949-இல் ஒன்றோடொன்று பொருந்தும் பிளாஸ்டிக் செங்கற்கள் வெளிவந்தன. ஈண்டு ஓர் உண்மையை மறைத்தலாகாது. இதற்கு மாதிரியாக அமைந்தது, இங்கிலாந்தில் ஹிலாரி பிஷர் பேஜ் என்பவர் முன்னரே ஆக்கிய கிடிகிராப்ட் என்னும் கட்டையாகும். அவர் 1957-இல் மறைந்தார். உலகப் புகழ் அவருக்குக் கிட்டவில்லை. இவ்வளவு நேர்மையாளரின் வரலாற்றில் இஃதொரு நெருடலே. ஓலேயைப் போற்றும் நாம் பேஜையும் நன்றியுடன் நினைத்தல் முறையாகும்.

தொடக்கத்தில் அச்செங்கற்கள் நன்றாக விற்கவில்லை. பொருத்தினால் உறுதியாக நிற்கவுமில்லை. 1954-இல் கோட்பிரெட் இங்கிலாந்துக்குக் கப்பலில் சென்றபோது, பொம்மை வணிகத்தில் யாதொரு ஒழுங்கும் இல்லை என்று ஒரு கொள்முதல் அதிகாரி குறைப்பட்டுக்கொண்டார். அச்சொல் கோட்பிரெட்டின் மனத்தில் பதிந்தது. இன்று வாங்கும் பெட்டி நேற்று வாங்கிய பெட்டியோடு இணைய வேண்டும் என்னும் முறையை 1955-இல் புகுத்தினார். கட்டையின் உட்புறத்தில் குழாய்களை அமைத்துப் பிடிப்பை உறுதியாக்கி, 1958-ஆம் ஆண்டு ஜனவரி 28-ஆம் நாள் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். சரியாக ஆறு வாரங்கள் கழித்து, மார்ச் 11-ஆம் நாள் ஓலே காலமானார். தாம் நட்ட செடி மரமானதை அவர் காணவில்லை.

அம்மரமோ பெரிதாக வளர்ந்தது. 1968-இல் பில்லுண்டில் லெகோலாந்து என்னும் கேளிக்கைப் பூங்கா திறக்கப்பட்டது. அச்சிற்றூருக்கு விமான நிலையமும் அமைந்தது. அந்நிறுவனமும் 2004-ஐ ஒட்டிப் பெரும் நட்டத்தில் வீழ்ந்து, தேவையற்றவற்றைக் குறைத்துச் செங்கல்லையே மீண்டும் முதன்மையாகக் கொண்டு எழுந்தது. வணிகருக்கு இது நல்ல பாடம். கல்வியிலும் இதன் பயன் சிறிதன்று. எட்டுக் குமிழ் உள்ள, ஒரே நிறத்தினவாகிய ஆறு கட்டைகளை 91 கோடியே 51 லட்சத்து 3 ஆயிரத்து 765 வகைகளில் இணைக்கலாம் என்று கணித அறிஞர் கணக்கிட்டுள்ளனர். கண் பார்வையற்ற குழந்தைகள் எழுத்தறிய, பிரெயில் புள்ளிகளையே குமிழ்களாகக் கொண்ட கட்டைகளும் 2020 முதல் வழங்கப்படுகின்றன.

அன்பர்களே! பிறந்த ஊரைவிட்டு நெடுந்தொலைவு வந்து, மாற்றல் உத்தரவு வருந்தோறும் வீட்டைக் கலைத்து மறுபடியும் அமைப்பவர்கள் நாம். இருமுறை எரிந்தும் இருமுறையும் கட்டிய அத்தச்சரின் வாழ்வு நமக்கு அந்நியமானதன்று. இனி நம் குழந்தை கட்டிய கோபுரம் சரிந்து விழுந்தால், உடனே பாடப் புத்தகத்தை எடு என்று அதட்டாமல், அது மறுபடி கட்டி முடிக்கும்வரை சற்றுப் பொறுப்போமாக. நம் அலுவலிலும் எவர் கண்ணும் காணாத அந்த மூன்றாம் பூச்சைப் பூச மறவாதிருப்போமாக.