வழக்கோடு நில்லாத வக்கீல்

சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் மண்டப வளாகத்தில் தலைப்பாகை அணிந்த ஒரு பெரியவரின் சிலை இருக்கிறது. அவ்வழியே பலமுறை போயும், அது யாருடைய சிலை என்று நான் கேட்டதில்லை. ஊரை விட்டு இத்தனை தூரம் வந்து சட்டம் படிக்கத் தொடங்கிய பிறகுதான் அவரைப் பற்றித் தெரிந்துகொண்டேன். அவர் வி. கிருஷ்ணசாமி ஐயர்.

கம்பெனிச் சட்டத்தையும் நொடிப்புச் சட்டத்தையும் நான் சிறப்புப் பாடமாக எடுத்தபோது நண்பர்கள் சிலர் பரிகாசம் செய்தார்கள். பணக்காரன் பணக்காரனோடு போடும் சண்டையில் உனக்கென்னப்பா வேலை என்றார்கள். அப்போது எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. கிருஷ்ணசாமி ஐயரின் வாழ்க்கையைப் படித்த பிறகு தெரிகிறது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அவர் 1863-ஆம் ஆண்டு தஞ்சை மாவட்டத்துத் திருவிடைமருதூரில் பிறந்தார். கும்பகோணத்திலும் சென்னை மாநிலக் கல்லூரியிலும் படித்து, 1885-இல் சென்னை ஹைகோர்ட்டில் வக்கீலாகப் பதிவு செய்துகொண்டார். இங்கிலாந்து சென்று பாரிஸ்டராகி வந்தவர்களுக்கே மதிப்பு மிகுந்திருந்த காலம் அது. சென்னையிலேயே படித்த வக்கீல்கள் தம் சட்ட அறிவால்தான் தலைநிமிர வேண்டியிருந்தது. 1891-இல் மயிலாப்பூர் வக்கீல்கள் கூடி 'மெட்ராஸ் லா ஜர்னல்' என்ற சட்ட இதழைத் தொடங்கினார்கள். அதில் பி. ஆர். சுந்தர ஐயரோடு இவருக்கும் பெரும் பங்கு உண்டு. தீர்ப்புகளைத் திரட்டி ஆராய்ந்து வெளியிட்ட அந்த இதழ் தலைமுறை தலைமுறையாக வக்கீல்களுக்கு உறுதுணையாய் இருந்தது.

அவருக்குக் கோபம் சட்டென்று வரும் என்று பெயர். அதே வேகத்தில் கொடுக்கும் கையும் உண்டு. மயிலாப்பூரில் 1905-இல் ஆயுர்வேத வைத்தியசாலையும் 1906-இல் சமஸ்கிருதக் கல்லூரியும் அவரது முயற்சியால் எழுந்தன.

அந்த 1906-ஆம் ஆண்டில்தான் சென்னையை ஒரு பேரிடி தாக்கியது. பாரி, பின்னி, ஆர்பத்நாட் ஆகிய மூன்றும் அக்காலத்துச் சென்னையின் பெரிய ஆங்கில வாணிப நிறுவனங்கள். இவற்றுள் ஆர்பத்நாட் கம்பெனி பொதுமக்களிடம் வைப்புப் பணம் வாங்கி நல்ல வட்டி கொடுத்து வந்தது. ஓய்வு பெற்ற உத்தியோகஸ்தர்களும் குடும்பத்தைக் காக்கும் விதவைகளும் தங்கள் வாழ்நாள் சேமிப்பை அங்கே போட்டிருந்தார்கள். வெள்ளைக்காரன் கம்பெனி, பிரபு குடும்பம், கவிழாது என்பது அவர்கள் நம்பிக்கை.

1906 அக்டோபர் 22, திங்கட்கிழமை அந்தக் கம்பெனி கதவைச் சாத்தியது. ஊர் வழக்கில் சொன்னால் மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டது. லண்டன் கூட்டாளியான மக்ஃபாடியன் ஊக வாணிபத்தில் இறங்கிப் பெரும் பணத்தை இழந்திருந்தார். அவர் அங்கே தற்கொலை செய்துகொள்ள, இங்கே ஆயிரக்கணக்கான குடும்பங்கள் தவித்தன.

கடன் கொடுத்தோர் பலருக்காக நீதிமன்றத்தில் வாதாட முன்வந்தவர் கிருஷ்ணசாமி ஐயர். அன்று சென்னையில் நடைமுறையில் இருந்தது 1848-ஆம் ஆண்டின் பழைய நொடிப்புச் சட்டம். நொடித்தவனுடைய சொத்துகளை அபிஷியல் அசைனி என்ற அதிகாரி கைப்பற்றி, விற்று, கடன்காரர்களுக்கு விகிதப்படி பகிர்ந்து தர வேண்டும். ஆனால் பானையில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? வக்கீல் எவ்வளவு திறமையாக வாதாடினாலும் கரைந்துபோன பணத்தை வரவழைக்க முடியாது. கம்பெனித் தலைவர் சர் ஜார்ஜ் ஆர்பத்நாட்டுக்குப் பின்னர் பதினெட்டு மாதக் கடுங்காவல் தண்டனை கிடைத்தது. அரசாண்ட இனத்தைச் சேர்ந்த ஒரு பெருந்தனவந்தரைச் சிறைக்கு அனுப்பியது அந்நாளில் சாதாரணச் செய்தியன்று. ஆயினும் அதனால் பணத்தை இழந்தவர்கள் வீட்டு உலை கொதித்துவிடவில்லை.

கிருஷ்ணசாமி ஐயர் இந்த இடத்தில்தான் மற்ற வக்கீல்களிலிருந்து வேறுபடுகிறார் என்று நான் கருதுகிறேன். வழக்கை நடத்திப் பீஸை வாங்கிக்கொண்டு அவர் ஒதுங்கிவிடவில்லை. சில கூட்டாளிகளுக்கு மட்டுமே கணக்குத் தெரிந்த ஓர் அந்நிய நிறுவனத்தை விட்டால் எளியவர்களின் பணத்துக்கு வேறு போக்கிடம் இல்லை. நோயின் வேர் அதுதான் என்று கண்டார். கம்பெனி விழுந்த சில நாட்களுக்குள்ளேயே அவரும் நண்பர்களும் இந்தியர்களுக்கென ஒரு பாங்கு தொடங்க அழைப்பு விடுத்தார்கள். மக்களின் நம்பிக்கை தகர்ந்து கிடந்த வேளையில், புதிய பாங்குக்குப் பங்கு சேர்ப்பது எளிதான காரியமா? வட்டித் தொழிலில் கைதேர்ந்த நகரத்தாரின் துணையை நாடினார். எஸ். ஆர். எம். எம். ராமசாமி செட்டியார் முதல் இயக்குநர்களுள் ஒருவரானார். 1907 மார்ச் 5-இல் இந்தியன் பாங்கு பதிவாயிற்று. அவ்வாண்டு ஆகஸ்டு 15-இல் வேலையைத் தொடங்கியது. சரியாக நாற்பது ஆண்டுகள் கழித்து அதே நாளில் நாடு விடுதலை பெற்றது!

அதே 1907-இல் பாரதியாரின் பாடல்களைக் கேட்டு உருகி, 'சுதேச கீதங்கள்' என்ற சிறு நூலாக அச்சிட்டு இலவசமாக வழங்கச் செய்தவரும் இவரே. இவர் மிதவாதி, பாரதியோ தீவிரவாதி. அவ்வாண்டு இறுதியில் சூரத் காங்கிரஸில் இருவரும் எதிரெதிர் அணியில் நின்றார்கள். கட்சி வேறாயினும் தமிழை அவர் கைவிடவில்லை.

1909-இல் ஹைகோர்ட் நீதிபதியானார். 1911-இல் கவர்னரின் நிர்வாக சபையில் இடம் பெற்றார். அவ்வாண்டு டிசம்பரிலேயே காலமானார். அப்போது வயது நாற்பத்தெட்டுதான்.

அவர் தொடங்கி வைத்த பாங்கு 1969-இல் தேசவுடைமை ஆயிற்று; 2020-இல் அலகாபாத் பாங்கும் அதனுடன் இணைந்தது. பாங்குகளை மேற்பார்க்க ரிசர்வ் பாங்கு 1935-இல்தான் வந்தது. வைப்புப் பணத்துக்குக் காப்பீடு 1962-இல் வந்தது. முதலில் 1,500 ரூபாய் வரைதான் பாதுகாப்பு, 2020-இல் அது ஐந்து லட்சமாயிற்று. நொடிப்புக்கென நாடு முழுமைக்கும் ஒரே தொகுப்புச் சட்டம் 2016-இல் வந்தது. 1906-இல் சென்னைக் கடற்கரையோரம் கதவு சாத்திய கம்பெனியின் முன்னே நின்ற மக்களுக்கு இவற்றில் ஒன்றுகூட இல்லை.

ஆகவே, என்னைப் பரிகாசம் செய்த நண்பர்களுக்கு இப்போது பதில் சொல்வேன். கம்பெனிச் சட்டம் பணக்காரர் சண்டை மட்டும் அன்று. அதன் ஓரத்தில் எப்போதும் யாரோ ஒரு விதவையின் சேமிப்பு இருக்கிறது. அடுத்த விடுமுறைக்குச் சென்னை போகும்போது அந்தச் சிலையின் முன் சற்று நின்று வரலாம் என்றிருக்கிறேன். நீங்களும் நின்று பாருங்கள்.